விசா விண்ணப்பத்தில் எழுதியதும் ஆலையில் நடப்பதும்

கேள்வி: ஐயா, சேலத்தை அடுத்த ஓமலூர் சாலையில் ஏர்ஜெட் தறிகளைக் கொண்டு வீட்டு உபயோகத் துணிகள் நெய்யும் ஆலை ஒன்றை நடத்துகிறோம். இத்தாலியைச் சேர்ந்த தறித் தொழில்நுட்ப நிபுணர் ஒருவரை ஓராண்டு வேலை விசாவில் வரவழைத்துப் பத்து மாதங்கள் ஆகின்றன. மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய். அத்துடன் ஃபேர்லேண்ட்ஸில் மாதம் 20,000 ரூபாய் வாடகையில் நிறுவனமே வீடு எடுத்துக் கொடுத்திருக்கிறது. கோடை வெயில் தாங்காமல் ஏப்ரலில் எங்கள் ஏற்காடு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனவர், இன்றும் அங்கிருந்துதான் வேலைக்கு வந்து போகிறார். வாரம் ஒரு நாள் ஈரோட்டில் எங்கள் சம்பந்தி நடத்தும் ஆலைக்கும் சென்று தறிகளைப் பார்த்துக் கொடுக்கிறார். கெஸ்ட் ஹவுஸில் சமையல், காவல் வேலைகளில் நேபாளத்தைச் சேர்ந்த நால்வர் இருக்கிறார்கள். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இப்போது காவல் துறையிலிருந்து விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. "எல்லாப் பேப்பரையும் பழைய தேதி போட்டுத் தயார் செய்துவிடலாம்" என்கிறார் தெரிந்த ஏஜென்ட் ஒருவர். நாங்கள் என்ன தயாரிப்புச் செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: அன்புடையீர், வணக்கம். முதலில் அந்த ஏஜென்டுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். நீங்கள் இணையவழி எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பிராந்தியப் பதிவு அலுவலகம்) தளத்தில் ஏற்றிய ஒப்பந்தம், காலாண்டுதோறும் தாக்கல் செய்த டி.டி.எஸ். விவரம், சம்பளம் போன வங்கிக் கணக்கு ஆகிய அனைத்திலும் தேதி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது; அவற்றோடு ஒத்துப்போகாத புதிய காகிதம் ஒன்றை உள்ளே நுழைத்தால், இன்று விளக்கம் சொல்லியும் பணம் கட்டியும் தீர்க்கக்கூடிய குறைகள், நாளை போலி ஆவணம் புனைந்த குற்றமாக மாறும். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் குறைகள் பல இருக்கின்றன, அவற்றில் ஒன்று கடுமையானது; ஆனால் அவற்றுள் எதுவும் பழைய தேதி போட்டுச் சரியாகக் கூடியதன்று.

வேலை விசாவில் ஒருவரை வரவழைக்கும் நிறுவனம், அவர் இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்தில், இந்த முகவரியில் இருப்பார் என்று இந்திய அரசுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கிறது. அவர் இங்கே தங்கியிருக்கும் காலத்தில் அவருடைய நடத்தைக்கும், விசா முடிந்ததும் அவர் நாடு திரும்புவதற்கும் பொறுப்பேற்கிறது. நீட்டிப்பு விண்ணப்பத்தைத் தொடர்ந்து வரும் விசாரணையில், அன்று எழுதிக் கொடுத்ததும் இன்று நடப்பதும் ஒன்றா என்பதைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். ஆகவே இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, விசா விண்ணப்பத்தோடு தூதரகத்துக்குக் கொடுத்த ஒப்பந்தத்தையும் நிறுவனக் கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி உண்மை நிலையோடு ஒப்பிடுவதுதான். அந்தக் கோப்பு ஆலையிலேயே இல்லை, ஏஜென்டிடம் இருக்கிறது என்றால், அதைத் திரும்பப் பெறுவதுதான் உங்கள் முதல் வேலை.

1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தையும், 1939-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதையும் நினைவில் வையுங்கள். விசா நிபந்தனையை மீறினால் 3 ஆண்டு வரை சிறையும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடம் இருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்து வரும் ஈரோட்டு விஷயத்தை "சும்மா ஒரு உதவிதானே" என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கடுமையானது என்று சொன்ன குறை அதுதான். வேலை விசா என்பது இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் வேலை செய்வதற்கான பொது அனுமதி அன்று. விண்ணப்பித்த நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. தாய் நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் இடையே மாறுவதற்குக்கூட உரிய அனுமதி பெற வேண்டும் என்றிருக்கும்போது, சம்பந்தியின் ஆலை சட்டத்தின் பார்வையில் முற்றிலும் வேறொரு நிறுவனம். அவர் அங்கே கூலி எதுவும் வாங்கவில்லை என்ற பதில் எடுபடாது. அந்தத் தறிக்கூடத்தில் அவருக்கு அடிபட்டால் இழப்பீடு யார் தருவது, எந்தக் காப்பீடு பொருந்தும் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். விசாவைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த ஏற்பாடு தவறானது என்று தெரியும். இன்றைய தேதியிட்டு, இனி நமது ஆலை தவிர வேறெங்கும் அவர் பணி செய்யக் கூடாது என்று அவருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் எழுத்தில் தெரிவித்து நிறுத்துங்கள். உறவில் சற்று மனக்கசப்பு வந்தாலும் பரவாயில்லை. இதுவரை போனதை மறைப்பதற்காக அந்த ஆலையின் கேட் பதிவேட்டைத் திருத்தச் சொல்லும் எண்ணம் எவருக்காவது இருந்தால் அதையும் தடுத்துவிடுங்கள். விசாரணையில் இதுபற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். எழுத்து மூலம் வாக்குமூலம் கேட்டால், கையெழுத்திடும் முன் குற்றவியல் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவர் அதைப் படித்துப் பார்க்கட்டும். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றிலும் இந்த ஒன்றுக்குத்தான் வழக்கறிஞரின் துணை அவசியம் தேவைப்படும்.

அடுத்தது முகவரி. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர், வந்திறங்கிய 14 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதை நீங்கள் செய்திருப்பீர்கள், இல்லையென்றால் நீட்டிப்பு விண்ணப்பமே நகர்ந்திருக்காது. ஆனால் பதிவில் இருப்பது ஃபேர்லேண்ட்ஸ் வீடு. மனிதர் இருப்பது மலைமேல். ஃபேர்லேண்ட்ஸ் மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்குள்ளும், ஏற்காடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லைக்குள்ளும் வருகின்றன. மாநகர நுண்ணறிவுப் பிரிவுக் காவலர் ஒருவர் ஃபேர்லேண்ட்ஸுக்குப் போய்ப் பூட்டிய வீட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, "அவர் இங்கே இல்லையே, பல மாதம் ஆயிற்றே" என்ற பதிலோடு திரும்பினால், அறிக்கையில் என்ன எழுதுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: அவர் ஃபேர்லேண்ட்ஸுக்கே திரும்பி வர வேண்டும், அல்லது ஏற்காட்டு முகவரிக்கு மாறியதை இணையதளத்தில் இன்றே பதிவு செய்ய வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். வெயிலுக்குப் பயந்து மலையேறியதில் எந்தக் குற்றமும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

கெஸ்ட் ஹவுஸைப் பொறுத்தவரை இன்னொரு கடமையும் இருக்கிறது. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை இணையவழியே அனுப்ப வேண்டும். நாம் பல காலமாக 'சி படிவம்' என்று சொல்லி வருவது இதைத்தான். வாடகை வாங்குவதில்லை, நிறுவனத்தின் சொந்த பங்களாதானே என்று பலர் நினைக்கிறார்கள். பழைய 1992-ஆம் ஆண்டு விதிகளிலேயே ஓட்டல்களோடு ரெஸ்ட் ஹவுஸ், கிளப், தங்கும் பங்களா ஆகியவையும் சேர்க்கப்பட்டிருந்தன. புதிய சட்டம் அந்தக் கடமையைத் தளர்த்தவில்லை. உங்கள் துணிகளை வாங்க வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களையும் அங்கேதான் தங்க வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அவர்களுக்கும் இது பொருந்தும். எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் கெஸ்ட் ஹவுஸுக்கென்று தனிக் கணக்குத் தொடங்கி, அதைச் சேலம் அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மேலே காபித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் பங்களாவில் சிக்னல் போனால் அரை நாள் வராது. மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் காப்பாளருக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது. விருந்தினரின் பாஸ்போர்ட், விசாப் பக்கங்களை அவர் கைபேசியில் படமெடுத்துக் கீழே அனுப்பினால் போதும், மற்றதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

இனி சம்பளம். நீங்கள் நினைப்பதைவிட இதில் சிக்கல் அதிகம். வேலை விசாவில் வருபவரின் ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சகத்தின் நிபந்தனை. தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையற்கலைஞர், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. தறித் தொழில்நுட்பருக்கு இல்லை. ரொக்கமாக நீங்கள் தருவது ஆண்டுக்கு 14,40,000 ரூபாய். வாடகை 2,40,000 ரூபாயையும் சேர்த்து 16,80,000 என்று கணக்கிட்டு, வரம்பைத் தாண்டிவிட்டதாக விண்ணப்பத்தில் காட்டியிருப்பீர்கள். வீட்டு வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் வருமான வரிக்காக அது எவ்வளவு என்று மதிப்பிடப்படுகிறதோ அந்தத் தொகையைத்தான் சேர்க்க முடியும். நிறுவனம் வாடகைக்கு எடுத்துத் தரும் வீட்டுக்கு, 2023 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, உண்மையான வாடகை அல்லது சம்பளத்தில் 10 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு. உங்கள் கணக்கில் அது 1,44,000 ரூபாய். ஆக மொத்தம் 15,84,000. வரம்புக்கு 41,000 ரூபாய் குறைவு. அறைகலன்கள் கொடுத்திருந்தால் அவற்றின் மதிப்பில் ஒரு பகுதி சேரும், அதை உங்கள் ஆடிட்டர் கணக்கிடட்டும். அவர் உண்மையில் குடியிருப்பது நிறுவனத்துக்குச் சொந்தமான ஏற்காட்டு பங்களாவில்தான் என்று எடுத்துக்கொண்டால், சிறிய ஊர்களுக்கான 5 சதவீத மதிப்புதான் கிடைக்கும். அப்போது பற்றாக்குறை இன்னும் பெரிதாகும்.

எனவே வீட்டை நம்பாமல் ரொக்கச் சம்பளமே வரம்பைத் தாண்டும்படி செய்துவிடுவதுதான் என் பரிந்துரை. மாதம் 1,36,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16,32,000 ஆகிறது. கடந்த பத்து மாதங்களுக்கான வித்தியாசம் 1,60,000 ரூபாயை நிலுவை என்ற தலைப்பிலேயே, வரி பிடித்தம் செய்து, வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள். சம்பளத்தைத் திருத்தும் கடிதத்தில் இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். எந்த மாதத்திலிருந்து நிலுவை தரப்படுகிறது என்பதை உள்ளே எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் ரொக்கச் சம்பளமும் படிகளும் எவ்வளவு, வரிக்கு உட்படும் மற்ற வசதிகள் எவ்வளவு என்பதைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. "சம்பளமும் தங்குமிடமும்" என்று ஒற்றை வரியில் முடித்த ஒப்பந்தங்கள் நம் ஊரில் நிறையவே உலவுகின்றன. சம்பளத்தில் ஒரு பகுதியை இத்தாலியில் இயந்திரம் விற்ற நிறுவனம் அங்கேயே கொடுக்கிறது என்றால், அதை இப்போதே உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அதில் வருமான வரியோடு ஜி.எஸ்.டி. கேள்வியும் எழும்.

பி.எஃப். பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை என்பதால், பிடிக்கவில்லை என்றே கொள்கிறேன். மாதச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியவர் கட்டாயம் சேர வேண்டியதில்லை என்ற விதி நம்மவர்களுக்கானது. 2008 அக்டோபர் 1 முதல், சர்வதேசத் தொழிலாளர் என்ற பிரிவில் வருபவருக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. வேலையில் சேரும் நாளிலிருந்து முழுச் சம்பளத்துக்கும் சந்தா கட்ட வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென் கொரியா போன்று இந்தியாவுடன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் (இரு நாட்டிலும் சந்தா கட்டாமல் ஒரு நாட்டில் மட்டும் கட்ட வழிசெய்வது) நடைமுறையில் உள்ள நாடுகளிலிருந்து, அந்நாட்டுச் சான்றிதழோடு அனுப்பப்படுபவருக்கு விலக்கு உண்டு. இத்தாலி அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் பிரிவு செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை யாராவது உங்களுக்கு எடுத்துக்காட்டக்கூடும். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் செல்லும் என்று கூறியது. சேலத்தில் ஆலை நடத்துபவர், பெங்களூருத் தீர்ப்பை நம்பிக் கட்டாமல் இருப்பது பாதுகாப்பான வழியாக எனக்குத் தோன்றவில்லை.

தொகையைச் சொல்லிவிடுகிறேன். 1,20,000 ரூபாய்க்கு 12 சதவீதம் 14,400. நிறுவனத்தின் பங்கும் அதே அளவு. இரண்டும் சேர்ந்து மாதம் 28,800, பத்து மாதத்துக்கு 2,88,000 ரூபாய். இதற்கு மேல் நிர்வாகக் கட்டணமும், தாமதத்துக்கான வட்டியும், தண்டத் தொகையும் வரும்; மேலே சொன்ன சம்பள நிலுவைக்கும் சந்தா உண்டு. கடந்த மாதங்களுக்கான அவருடைய பங்கை, இனி வரும் சம்பளத்திலிருந்து உங்கள் விருப்பப்படி பிடித்துக்கொள்ள முடியாது என்பதால், அந்தச் சுமையும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். வலிக்கும் தொகைதான். ஆனால் சேலம் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து அமலாக்க அதிகாரி வந்து கண்டுபிடிப்பதற்கு முன்பு தாமாகக் கட்டியவரின் நிலைமையே வேறு. மாதந்தோறும் சர்வதேசத் தொழிலாளர்களுக்கென்று தாக்கல் செய்ய வேண்டிய தனி விவரத்தையும் இனித் தவறாதீர்கள். அத்தகைய சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத நாட்டவர் இந்தப் பணத்தைப் பொதுவாக 58 வயதுக்குப் பிறகுதான் எடுக்க முடியும் என்பதை, பிடித்தம் தொடங்கும் முன்பே அவருக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள். பின்னர் தெரிந்துகொண்டால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

நேபாளத்தவர் நால்வரைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியது மிகக் குறைவு. 1950-ஆம் ஆண்டு இந்திய நேபாள உடன்படிக்கையின் காரணமாக அவர்களுக்கு விசா தேவையில்லை, பி.எஃப். நோக்கத்துக்கும் அவர்கள் இந்தியத் தொழிலாளராகவே கருதப்படுகிறார்கள். ஆகவே, மற்ற தொழிலாளர்களுக்கு என்ன செய்கிறீர்களோ அவை அனைத்தும், வருகைப் பதிவேடு, குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உட்பட, அவர்களுக்கும் உண்டு. கையில் ஒரு தொகை கொடுத்து, மூன்று வேளைச் சாப்பாடும் போட்டு, எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாமல் வைத்திருந்தால் சிக்கல் அங்கேதான் வரும். அவர்களிடம் நேபாளக் குடியுரிமைச் சான்றிதழ் இருக்கும். அதன் நகலைக் கோப்பில் வையுங்கள். ஆதார் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 9-ஆவது பிரிவிலேயே, ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று கூறிவிடுகிறது. பெயரும் முகச்சாயலும் பேச்சும் பார்த்து நாமே ஒருவரை நேபாளி என்று முடிவு செய்வதும், வேறு நாட்டவர் என்று சந்தேகப்பட்டு விரட்டுவதும் இரண்டுமே தவறு. ஆவணத்தைக் கேளுங்கள், தராதவரைச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: இத்தாலியரின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? "பத்திரமாக இருக்கட்டும்" என்று அலுவலக பீரோவில் வைத்திருந்தால் இன்றே அவர் கையில் கொடுத்துவிட்டு, நகலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை முடக்கி வைக்கும் அதிகாரம் தனியார் நிறுவனத்துக்கு இல்லை. நேபாளத் தொழிலாளர்களின் அசல் சான்றிதழ்களுக்கும் இதே பேச்சுதான்.

விசாரணை நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருபவரின் பெயர், பதவி, அடையாள அட்டை ஆகியவற்றைப் பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பாஸ்போர்ட், விசா, பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல்கள், ஒப்பந்தம், சம்பளப் பட்டியல், வங்கிப் பதிவு, டி.டி.எஸ்., பி.எஃப். ரசீதுகள், சி படிவப் பதிவுகள் என அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். கொடுக்கும் நகல்களுக்கு ஒரு பட்டியல் எழுதி ஒப்புகை பெறுங்கள். பதில் சொல்ல ஒருவர் மட்டும் போதும். மேனேஜர் ஒன்றும், கணக்கர் ஒன்றும், மேஸ்திரி ஒன்றுமாகச் சொல்வது, உண்மையாகவே இருந்தாலும் முரணாகத் தோன்றும். இத்தாலியருக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் தம் வேலையைத் தம் சொற்களில் சொல்லட்டும். ஆங்கிலம் சரளமாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. வருபவரைக் "கவனித்து" அனுப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. டீ கொடுப்பதில் தவறில்லை.

முகவரி மாற்றம், சம்பளத் திருத்தம், பி.எஃப். செலுத்திய ரசீது ஆகிய மூன்றையும், அவர்கள் வரும்வரை காத்திராமல், ஒரு விளக்கக் கடிதத்தோடு நீட்டிப்பு விண்ணப்பத்தில் கூடுதல் ஆவணங்களாகச் சேர்க்க முயலுங்கள். நீட்டிப்புக் கிடைக்காமல் போனால், விசா முடியும் நாளுக்கு முன் அவர் புறப்படுவதற்கான பயணச்சீட்டை நிறுவனமே எடுத்துக் கொடுத்து, பணி முடிந்ததை எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே அவர் வேலையை விட்டு விலகினாலும் இதுவே முறை.